கூதற் காலமும் தொய்வு நோயும்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமய விரிவுரைகளும் இலக்கிய விரிவுரைகளும் நிகழ்ந்துவரும் இம்மேடையில் ஒரு நோயைப் பற்றிப் பேச யான் முன்வந்தமை சிலர்க்குப் புதுமையாகத் தோன்றலாம். யான் வைத்தியன் அல்லன். பல்கலைக்கழகத்தில் பயிலும் ஒரு மாணவன். நூல்களிற் படித்தவற்றையும், வைத்தியர்களைக் கேட்டறிந்தவற்றையும் எளிய தமிழில் எடுத்துச் சொல்லுவதே என்னால் ஆவது.

உடம்பைப் பேணுதல் சமயத்துக்குப் புறம்பான காரியம் அன்று. உடம்பை இறைவன் உறையும் கோயிலாகக் கண்டவர் திருமூலர். மூச்சை அளந்து உள்வாங்கி வெளிவிடும் பயிற்சிக்குத் தம் நூலிலே தனிப்பகுதி ஒன்றும் வகுத்தார். அந்த மூச்சையே ஒரு நோய் தடுக்குமாயின், அதை அறிந்துகொள்ளுதல் நம் கடமை அல்லவா?

இப்பொருளை யான் தெரிந்துகொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. மார்கழியில் திருவெம்பாவைக் காலத்துப் பத்து நாளும், விடியுமுன் எழுந்து, சங்கும் சேமக்கலமும் ஒலிக்க நாம் ஊர்வலம் வருவது யாவரும் அறிந்ததே. எங்கள் குழுவிலே சங்கூதும் சிறுவன் ஒருவன் இருந்தான். சென்ற மார்கழியில் மூன்றாம் நாளுக்குப் பின் அவன் வரவில்லை. வீட்டுக்குச் சென்று விசாரித்தபோது தாயார், "தம்பி, அவனுக்குத் தொய்வு. பனிக்குள்ளே விடமாட்டேன். பள்ளிக்கூடத்தில் விளையாடவும் விடுவதில்லை" என்றார். அத்தாயின் அச்சத்தை யான் குறை கூறேன். ஆயினும் என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஆண்டுதோறும் நான்கு மாதம் ஒரு பிள்ளையை வீட்டுக்குள் அடைத்து வைப்பதுதான் இந்நோய்க்கு மருந்தா? அன்று என்றே இன்றைய வைத்திய சாத்திரம் கூறுகின்றது. அந்த விடையை உங்கள் முன் வைக்கவே இங்கு நிற்கின்றேன்.

தொய்வு, முட்டு, இழுப்பு, இரைப்பு என்று நாம் பல பெயரால் வழங்கும் நோயையே மேனாட்டார் ஆஸ்துமா என்பர். அஃது இரைத்து மூச்சுவிடுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நெஞ்சினுள்ளே மரக்கிளைபோலப் பிரிந்து செல்லும் சுவாசக் குழாய்களின் உட்சுவர் வீங்கிச் சிவந்திருத்தலே இந்நோயின் வேர். அவ்வாறு வீங்கியிருக்கும் குழாய் எதையும் பொறுக்காது. சிறிது புகையோ, தூசியோ, குளிர்காற்றோ பட்டவுடன் குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகும். சளி சுரந்து உள்வழியை அடைக்கும். வாய்க்காலின் இருகரையும் உள்ளே சரிந்து, அடியிலே சேறும் நிறைந்தால் நீர் எப்படி ஓடும்? நோயாளிக்கு மூச்சை உள்ளே இழுப்பதிலும் வெளியே விடுவதே பெரும்பாடு. நெஞ்சிலே விசில் ஊதுவது போன்ற ஒலி எழுவது அதனாலேயே. இரவின் பிற்பகுதியிலும் வைகறையிலும் இது கூடும்.

இங்கே அவதானிக்க வேண்டியது ஒன்று. இழுப்பு நின்று, பிள்ளை சிரித்து விளையாடும் நாளிலும் உள்வீக்கம் முற்றாகத் தீர்வதில்லை. சாம்பல் பூத்த நெருப்புப்போல அஃது உள்ளே இருக்கும். அந்த நெருப்பை அணைப்பது ஒரு மருந்து. மேலெழும் புகையை விலக்குவது வேறொரு மருந்து. இவ்வேறுபாட்டை அறியாமையாலேயே நம்மவர் பெரிதும் துன்பப்படுகின்றனர்.

இது சிறு நோய் என்று எண்ணுவார்க்கு ஓர் எண்ணைக் கூறுகின்றேன். 2019ஆம் ஆண்டிலே உலகத்தில் 26 கோடிக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்துமாவினால் பீடிக்கப்பட்டிருந்தனர் என்றும், அவ்வாண்டில் ஏறக்குறைய நாலரை இலட்சம்பேர் அதனால் மாண்டனர் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. மாண்டவர்களிற் பெரும்பாலோர் நம் நாட்டைப் போன்ற வசதி குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள். மருந்து கண்டுபிடிக்கப்படாத நோய் அன்று இது. மருந்து உண்டு, அஃது உரியவரை உரிய முறையிற் சென்று சேரவில்லை.

இனி, கூதற் காலத்தில் இது ஏன் கூடுகின்றது என்று பார்ப்போம்.

ஐப்பசியில் மழை தொடங்கி, மார்கழியிலும் தையிலும் வாடைக் காற்று வீச, மாசிப் பனியோடு அக்காலம் முடிகின்றது. யாழ்ப்பாணத்துக் கூதல் இங்கிலாந்தின் கூதல் அன்று. மார்கழி வைகறையிலும் இங்கே வெப்பம் இருபது பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. கடல்மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கு மேலேயுள்ள நுவரெலியாவில் நிலைமை வேறு. தை மாசியில் அங்கே புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. மூக்கு என்பது காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, வடித்து அனுப்பும் ஒரு வாயில். குளிர்ந்த, உலர்ந்த காற்றை வாயால் விரைந்து இழுத்தால் அது நேரே குழாய்களைத் தாக்கும். மலைநாட்டிலே விடியற்காலையில் மேட்டில் ஏறும் தொழிலாளிக்கு இது மெய். ஆனால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பனி மட்டுமே குற்றவாளி என்று கூறமுடியாது. கூதலோடு கூட வரும் வேறு நால்வர் இருக்கின்றனர்.

முதலாமவர், தடிமன். 1995ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சவுத்தாம்ரன் நகர ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பாடசாலைப் பிள்ளைகளை ஓராண்டுக்கு மேலாகக் கவனித்து, அவர்களுக்கு இழுப்பு வந்தபோதெல்லாம் மூக்குச் சளியைச் சோதித்தனர். நூற்றுக்கு எண்பது தடவை வரையில் அங்கே தடிமன் வைரசு ஏதேனும் ஒன்று காணப்பட்டது. மழைக்காலத்தில் நாம் கதவு சன்னல்களைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் நெருங்கியிருக்கின்றோம். வைரசுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டாமவர், ஈரம். ஒழுகும் சுவரிலே பூஞ்சணம் படரும். வெயிலில் உலராத இலவம்பஞ்சுத் தலையணையிலும் மெத்தையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சிகள் பெருகும்.

மூன்றாமவர், புகை. அடைத்த வீட்டிலே விறகடுப்புப் புகை, நுளம்புத்திரிப் புகை, சாம்பிராணிப் புகை, பீடி சுருட்டுப் புகை யாவும் வெளியேற வழியின்றி நிற்கும். தோட்ட லயன்களின் சிற்றறைகளிலே வாழ்வோர் இதனை நன்கு அறிவர். தீபாவளிப் பட்டாசும் இக்காலத்தின் தொடக்கத்திலேயே வருகின்றது.

நான்காமவர், வெளிக்காற்று. வாடை வீசும் மாதங்களில் இந்தியப் பெருநிலத்தின் மாசு கடல்கடந்து இங்கு வருவதுண்டு. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி, காற்று மாசினாலும் கடுங் குளிரினாலும் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டமை பலர்க்கு நினைவிருக்கலாம்.

ஆகவே பிள்ளையைப் பனியில் விடாமல், புகை நிறைந்த அறையிலே, தடிமன் பிடித்த தமையனுக்கு அருகிலே படுக்க வைப்பதனால் விளையும் நன்மை என்ன? தலையணையை வெயில் கண்டபோதெல்லாம் காயவிடுங்கள். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை சுடுநீரில் அலசுங்கள். மழை விட்ட நேரத்தில் சன்னலைத் திறவுங்கள். நுளம்புத்திரிக்குப் பதிலாக வலை கட்டுங்கள். வைகறையில் வெளியே செல்வோர் மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடி, மூக்கால் மூச்சுவிடட்டும். வீட்டிலே புகைபிடிப்போர் இருந்தால், அவர் எத்துணைப் பெரியவராயினும், பிள்ளையின் பொருட்டு அதனை நிறுத்தும்படி வணக்கத்தோடு கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

மருந்துக்கு வருவோம். 1956ஆம் ஆண்டிலே அமெரிக்காவில், கையில் அடங்கும் சிறு குப்பியை அமுக்கி, அளவாக மருந்தை உள்ளிழுக்கும் கருவி விற்பனைக்கு வந்தது. இன்ஹேலர் என்பதும், நம்மூரிலே "பம்" என்பதும் அதனையே. 1969இல் சல்பியூட்டமோல் வந்தது. இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துவது அதன் தொழில். நீலநிறக் குப்பியில் பெரும்பாலும் இருப்பது அதுவே. 1972இல் பெக்லோமெதசோன் என்னும் ஸ்டீரொயிட் மருந்து இன்ஹேலராக வந்தது. அது மெல்லமெல்ல உள்வீக்கத்தைத் தணிப்பது. முன்னது தணிப்பான், பின்னது தடுப்பான். தணிப்பான் புகையை விலக்குவது. தடுப்பான் நெருப்பை அணைப்பது.

நம்மவர் செய்வது என்ன? தணிப்பானை இழுத்தவுடன் சுகம் தெரிகின்றது. ஆதலால் அதனை மட்டும் வைத்துக்கொள்கின்றனர். தடுப்பானை இழுத்தால் உடனே ஒன்றும் தெரிவதில்லை. முழுப்பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும். ஆதலால் அதனை விட்டுவிடுகின்றனர். இதிலேதான் ஆபத்து இருக்கின்றது. ஆஸ்துமா பற்றிய உலக வழிகாட்டிக் குழுவினர் 2019ஆம் ஆண்டில், வளர்ந்தவர்களுக்கும் பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கும் தணிப்பானை மட்டும் கொண்டு சிகிச்சை செய்தல் இனித் தகாது என்று அறிவித்தனர். ஓராண்டில் மூன்று தணிப்பான் குப்பிகளுக்கு மேல் முடித்தவர்க்குக் கடும் இழுப்பு வரும் அபாயம் கூடுதல். மாதம் ஒரு குப்பி முடிப்பவர்க்கு உயிரபாயமே கூடுதல் என்று அவர்கள் எச்சரிக்கின்றனர். இரண்டும் ஒருங்கே சேர்ந்த இன்ஹேலர்களும் இப்போது உண்டு. எவர்க்கு எது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

"பம் பழகினால் பிறகு விடமுடியாது" என்னும் கூற்று நம் வீடுகளிலே வேதவாக்குப்போல் வழங்குகின்றது. "பம் கடும் மருந்து, குளிசை மென்மையானது" என்பாரும் உளர். கணக்கைப் பாருங்கள். சல்பியூட்டமோல் குளிசை ஒன்றிலே 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரின் ஓர் இழுப்பிலே இருப்பது 100 மைக்கிரோகிராம். அதாவது நாற்பதில் ஒரு பங்கு. குளிசை வயிற்றில் இறங்கி, இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கையை நடுங்கச் செய்து, நெஞ்சைப் படபடக்கச் செய்து, பின்னரே சுவாசப்பையை அடைகின்றது. இன்ஹேலர் மருந்தோ வேண்டிய இடத்துக்கே செல்கின்றது. தடுப்பான் மருந்தும் அவ்வாறே நுண்ணிய அளவினது. இழுத்தபின் வாயைக் கொப்பளித்து உமிழ்ந்துவிட்டால் வாய்ப்புண்ணும் பெரும்பாலும் வராது. இதிலே பழக்கம் என்பது யாது? மூக்குக் கண்ணாடி அணிபவர் கண்ணாடிக்கு அடிமையானார் என்று யாரும் கூறுவதில்லையே!

இழுக்கும் முறையும் அறியத்தக்கது. குப்பியை நன்றாகக் குலுக்குக. மூச்சை முழுவதும் வெளியே விடுக. வாயில் வைத்து அமுக்கும்போதே மெதுவாகவும் ஆழமாகவும் உள்ளிழுக்குக. பத்து எண்ணும்வரை அடக்கி, பின் விடுக. சிறுவர்க்கும் முதியோர்க்கும் இது கடினம்; அவர்க்கு ஸ்பேசர் என்னும் குடுவை உதவும். அதனை வாங்க வசதியில்லாதவர் மனந்தளர வேண்டா. 1999ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவிலே நடத்திய சோதனையில், 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியிலே இன்ஹேலரின் வாய் பொருந்தும் அளவு துளையிட்டு, இடைவெளியை அடைத்துச் செய்த குடுவை, கடையில் வாங்கும் ஸ்பேசரைப் போலவே பிள்ளைகளுக்குப் பயன்பட்டது எனக் கண்டனர்.

நாட்டு வைத்தியத்தை யான் இகழவில்லை. ஆடாதோடையை நம் முன்னோர் இருமலுக்கும் இரைப்புக்கும் கொடுத்தனர். அதிலுள்ள வசிசின் என்னும் பொருளைப் பின்பற்றியே, இன்று மேனாட்டு மருந்துக்கடையில் விற்கும் புரோம்எக்சின் என்னும் சளி கரைக்கும் மருந்து ஆக்கப்பட்டது. கொத்தமல்லிக் குடிநீர் தொண்டைக்கு இதமே. ஆயினும் இழுப்பு ஏறி நிற்கும் நேரத்தில் குடிநீர் காய்ச்சிக்கொண்டிருத்தல் ஆகாது. பெயர் தெரியாத தூள்களையும் உருண்டைகளையும் நம்பி, கைக்கொண்டுவரும் தடுப்பானை நிறுத்துதலும் ஆகாது.

2014ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலே ஓர் அறிக்கை வெளிவந்தது. ஆஸ்துமாவினால் இறந்த 195 பேருடைய வரலாற்றை வைத்தியர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 45 பேர் வைத்திய உதவியை நாடாமலே, அல்லது உதவி வந்து சேருமுன்னரே இறந்தவர்கள். பெரிய வைத்தியசாலைகள் நிறைந்த நாட்டிலேயே நிலை இதுவாயின், நாம் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்! ஒரு வசனத்தை மூச்சுவிடாமல் முடிக்க இயலாவிட்டால், தணிப்பானை இழுத்தும் குணம் தெரியாவிட்டால், அல்லது தெரிந்த குணம் நான்கு மணித்தியாலம் நில்லாவிட்டால், விலா எலும்புகளின் இடையே தோல் உள்வாங்கினால், உதடு நீலம் பாரித்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். இரைப்பு ஒலி அடங்கி நோயாளி சோர்ந்து கண்மூடினால் சுகம் வந்துவிட்டதென எண்ணாதீர்கள். அதுவே மிகப் பெரிய ஆபத்து. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வரும். வரும்வரையில் நோயாளியை நிமிர்ந்து உட்காரச் செய்து, ஸ்பேசர் மூலம் ஒவ்வொன்றாக நான்கு இழுப்புக் கொடுத்து, நான்கு நிமிடம் பார்த்து, குணமில்லையாயின் மீண்டும் நான்கு கொடுக்கலாம். படுக்க வைத்தல் கூடாது.

இனி இன்புளுவென்சாவைப் பற்றிச் சில சொல்லுவேன். தடிமனும் இன்புளுவென்சாவும் ஒன்றல்ல. தடிமன் மூக்கோடு நிற்பது. இன்புளுவென்சா திடீரெனக் காய்ச்சலோடும் உடம்புளைவோடும் வந்து, ஆளைப் படுக்கையில் வீழ்த்துவது. 1918ஆம் ஆண்டு அது உலகெங்கும் பரவியபோது ஐந்து கோடி மக்கள் வரையில் மாண்டனர் என்பர்; இலங்கையும் அதற்குத் தப்பவில்லை. அந்த வைரசை 1933ஆம் ஆண்டில் லண்டன் விஞ்ஞானிகள் பிரித்தறிந்தனர். 1957, 1968, 2009ஆம் ஆண்டுகளிலும் அது புதுவடிவங் கொண்டு உலகைச் சுற்றியது. 2009இல் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டவர்களை ஆராய்ந்தபோது, அவர்களிடம் முன்னரே இருந்த நோய்களுள் ஆஸ்துமா முதல் வரிசையில் நின்றது. ஆஸ்துமா உள்ளவர்க்கு இன்புளுவென்சா அடிக்கடி வரும் என்பதில்லை. வந்தால் கடுமையாகத் தாக்கும். ஏற்கெனவே வீங்கிய குழாயை மேலும் வீங்கச் செய்து, இழுப்பையும் நிமோனியாவையும் அது அழைத்து வரும்.

நம் நாட்டிலே இன்புளுவென்சா ஆண்டில் இருமுறை தலைதூக்குகின்றது. சோளகக் காற்றின் தொடக்கத்தில் வைகாசி, ஆனி மாதங்களில் ஒருமுறை. வாடைக் காற்றோடு கார்த்திகை முதல் தை வரையில் மற்றொருமுறை. இதற்குத் தடுப்பூசி உண்டு. இவ்வைரசு ஆண்டுதோறும் தன் மேலாடையை மாற்றிக்கொள்வது. ஆதலால் ஊசியும் ஆண்டுதோறும் புதிதாக ஆக்கப்படுகின்றது. 1952ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார ஸ்தாபனம் பல நாடுகளின் ஆய்வுகூடங்களை இணைத்து இவ்வைரசைக் காவல் காத்து வருகின்றது. கொழும்பிலுள்ள வைத்திய ஆராய்ச்சி நிலையமும் அவ்வரிசையில் ஒன்று. பெப்ரவரியிலும் செப்டெம்பரிலுமாக ஆண்டில் இருமுறை விஞ்ஞானிகள் கூடி, அடுத்த பருவத்து ஊசியில் எவ்வெவ் வடிவங்கள் இருத்தல் வேண்டும் எனத் தீர்மானிக்கின்றனர்.

இவ்வூசி முழுக் காவல் தருமா? தராது. வைரசுக்கும் ஊசிக்கும் நல்ல பொருத்தம் உள்ள ஆண்டுகளில், வைத்தியரிடம் செல்லவேண்டிய அளவுக்கு வரும் இன்புளுவென்சாவை அது நூற்றுக்கு 40 முதல் 60 வரையிற் குறைக்கின்றது. ஊசி போட்டும் நோய் வந்தவர்க்கு அது பெரும்பாலும் இலேசாகக் கழிகின்றது. குடை பிடித்தவனும் பெருமழையிற் சிறிது நனைவான். அதற்காகக் குடையை வீசி எறிவாரில்லை.

"ஊசியே காய்ச்சலைக் கொண்டுவரும்" என்பது மற்றோர் அச்சம். கையிலே ஏற்றும் ஊசியில் உயிருள்ள வைரசு இல்லை. அதனால் இன்புளுவென்சாவை உண்டாக்க முடியாது. ஊசி போட்ட இடத்தில் நோவும், ஓரிரு நாள் சிறு காய்ச்சலும் வரலாம்; உடம்பு படைதிரட்டுவதன் அறிகுறி அது. "தொய்வுக்காரருக்கு ஊசி ஆகாது, இழுப்பைக் கூட்டும்" என்பாரும் உளர். இதனையே சோதித்தறிய அமெரிக்காவில் ஆஸ்துமா நோயாளர் பலரிடம் நடத்திய ஆய்வு 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. மெய்யூசி பெற்றவர்க்கும், மருந்தில்லாத வெற்றூசி பெற்றவர்க்கும் இழுப்பு வந்த அளவில் வேறுபாடு இல்லை எனக் கண்டனர். மூக்கிலே தெளிக்கும் உயிருள்ள மருந்து வேறு. ஆஸ்துமா உள்ளவர் அதனை வைத்தியரைக் கேளாமற் பெறலாகாது. முன்பு இதே ஊசியினால் கடும் ஒவ்வாமை வந்தவர் அதனை முதலிலேயே சொல்லுதல் வேண்டும். கடுங் காய்ச்சலில் இருப்பவர் சுகமானபின் பெறலாம். ஆறு மாதம் முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு முதன்முறை ஊசி போடும்போது, நான்கு வார இடைவெளியில் இரண்டு தடவை வேண்டும்.

பாதுகாப்பு உண்டாக இரண்டு வாரம் வரையில் செல்லும். ஆதலால் மழைக்குமுன் கூரை வேய்வதுபோல, ஐப்பசி தொடங்குமுன்னரே இதனைச் செய்தல் நன்று. நம் நாட்டுப் பிள்ளைகளின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது சேரவில்லை. வைத்தியரிடம் கேட்டுத் தேடிப் பெறவேண்டியதாயிருக்கின்றது. வீட்டிலே ஒருவருக்கு மட்டும் செலவிட முடியுமாயின், தொய்வு உள்ளவருக்கும் முதியவருக்கும் முதலிடம் கொடுப்பதே முறை.

இத்தனையும் செய்து காய்ச்சல் வந்துவிட்டால்? தடுப்பானை நிறுத்தலாகாது. காய்ச்சலுக்குப் பனடோல் என நாம் வழங்கும் பரசிற்றமோல் போதும். அஸ்பிரின், இபுபுரோபன், டைக்ளோபினக் ஆகியவை தொய்வுக்காரர் சிலர்க்கு இழுப்பைக் கிளப்பும். மார்கழி தை மாதங்கள் டெங்குக்கும் உரிய காலம். டெங்குக் காய்ச்சலில் இம்மருந்துகள் குருதிப் பெருக்கை உண்டாக்கும். ஆதலால் அவற்றை இருமடங்கு அஞ்சுக. தொய்வு உள்ளவர்க்கு இன்புளுவென்சா என ஐயுற்றால் முதல் இரண்டு நாளுக்குள் வைத்தியரைக் காண்க; வைரசை எதிர்க்கும் மருந்து அப்போது கொடுத்தாலே நன்கு பயன்படும்.

தடுப்பூசி நமக்குப் புதியதன்று. 1802ஆம் ஆண்டிலேயே இலங்கையில் அம்மைப்பால் கட்டத் தொடங்கினர். கண்ணகையம்மனுக்கும் மாரியம்மனுக்கும் பொங்கலிட்ட நம் முன்னோர், கையையும் நீட்டி அம்மைப்பாலைக் கட்டிக்கொண்டனர். பக்தி குறைந்ததா? குறையவில்லை. பெரியம்மை மறைந்தது, 1980இல் அஃது உலகினின்றும் நீங்கியதென அறிவிக்கப்பட்டது. 1993ஆம் ஆண்டின் பின் நம் நாட்டிலே இளம்பிள்ளைவாதம் காணப்படவில்லை.

யான் கற்றது மிஷன் பாடசாலை ஒன்றில். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே தமிழ் மாணவர்க்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழாக்குவித்த டாக்டர் கிறீன் அவர்களைப் பற்றி அங்கே அறிந்தேன். நோயாளியின் மொழியில் சொல்லப்படாத வைத்தியம் பாதி வைத்தியமே என்பதை அவர் பணியிலிருந்து உணர்ந்தேன். நம் சமய வரலாறும் இதற்கு மாறன்று. கொங்கு நாட்டிலே திருஞானசம்பந்தர் தங்கியிருந்தபோது, பனிக்காலத்தில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அவர் திருநீலகண்டப் பதிகம் பாடி அந்நோய் தீர்த்தார் என்பது பெரிய புராணம் கூறும் செய்தி. விதியென்று விட்டுவிடாது, உடனிருப்பார் நோயைத் தம் நோயாகக் கருதிய அருளே அங்கு விளங்குகின்றது. பதிகமும் பாடுவோம், மருந்தும் உண்போம். இரண்டுக்கும் பகை இல்லை.

முடிவாக ஒன்றை மனந்திறந்து கூற விரும்புகின்றேன். இந்நோயைவிட இதனை மறைக்கும் நாணமே பலரை வருத்துகின்றது. மலைநாட்டிலே எங்கள் பல்கலைக்கழக விடுதியில் நண்பர் ஒருவர் இன்ஹேலரைப் புத்தகப் பெட்டியின் அடியிலே ஒளித்து வைத்திருந்தார். தை மாதத்து இரவொன்றில் அவர்க்கு இழுப்பு ஏறியபோது பேச முடியவில்லை. அறையில் இருந்த எவர்க்கும் மருந்து இருக்குமிடம் தெரியாது. தேடி எடுப்பதற்குள் அவர் முகம் கறுத்துவிட்டது. இறையருளால் பிழைத்தார். ஏன் ஒளித்தீர் என்று பின்னர்க் கேட்டோம். "வீட்டில் தங்கைக்குக் கலியாணம் பேசுகிறார்கள். பரம்பரை வருத்தம் என்று சொல்லிவிடுவார்கள்" என்றார். பெரியோர்களே, வாலிபர் இதில் யாது செய்ய முடியும்? சம்பந்தம் பேசும் அவைகளில் இருப்பவர்கள் நீங்கள். தொய்வு தொற்றுநோய் அன்று. ஒழுங்காக மருந்து பாவிப்பவர் ஓடலாம், ஆடலாம், மணமுடித்து மக்களைப் பெற்று நெடுநாள் வாழலாம். இதனை நீங்கள் வாய்விட்டுச் சொன்னால், எத்தனையோ பிள்ளைகள் மருந்தைப் பெட்டியின் அடியிலிருந்து சட்டைப்பைக்கு மாற்றிக்கொள்வர்.

நம் சங்கம் செய்யத்தக்கவை மூன்று என எனக்குத் தோன்றுகின்றது. ஆவணி, புரட்டாதி மாதங்களிலே வைத்தியர் ஒருவரை இங்கு அழைத்து, இன்ஹேலர் இழுக்கும் முறையை உறுப்பினர் யாவர்க்கும் செய்து காட்டுவித்தல் ஒன்று. தடுப்பூசி பெற வேண்டிய முதியோரையும் நோயாளரையும் கணக்கெடுத்து, அழைத்துச் செல்ல ஆளின்றி இருப்போரை வாலிபர்களே அழைத்துச் செல்லுதல் இரண்டு. கூட்டம் நடக்கும்போது மண்டபத்தில் சாம்பிராணியை வாயிலுக்கு வெளியே வைத்துச் சன்னல்களைத் திறந்து விடுதல் மூன்று. இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டா; மனம் இருந்தாற் போதும்.

அச்சிறுவனின் தாயாரிடம் இப்போது பேசியிருக்கின்றோம். வைத்தியர் தடுப்பான் மருந்து கொடுத்துள்ளார். வரும் மார்கழியில் அவன் சங்கூதுவானா என்பதை வைத்தியரே சொல்லுவார். யாம் செய்யவேண்டியது, அவன் வந்தால் அவன் சட்டைப்பையில் மருந்து இருக்கின்றதா என்று நாள்தோறும் ஒரு சொல் கேட்பதே.

யாவரும் நோயற்ற வாழ்வு பெற எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருள் பாலிப்பாராக.